மா. கிருஷ்ணனோட தமிழ் எங்க?

ஆசிரியருக்கு, ஞாயித்துக்கிழமை இணைப்புல இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ரொம்ப சந்தோஷம், ஆனா 1950ல இருந்து 1996ல இறந்துபோற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல எழுதுன இங்கிலீஷ் தொடர், வாங்குன பத்மஸ்ரீ, கருப்பு வெள்ளை யானை போட்டோ, இதோட முடிச்சிட்டீங்க. பத்மாவதி சரித்திரம் நாவலை எழுதுன அ. மாதவையாவோட பையன் அவரு, தமிழ்லயும் பறவைங்களைப் பத்தி அவ்ளோ அழகா எழுதியிருக்காரு, அதுக்கு ஒரு வரி கூட இல்லையே!

அந்தத் தமிழ்க் கட்டுரைங்களைப் படிச்சப்புறம்தான், எங்க வீட்டு வாசல்ல கரண்ட் கம்பில உக்காந்து, பிளந்த வாலை ஆட்டிட்டே சட்டுனு பாய்ஞ்சு பூச்சி பிடிக்குற கரிச்சான் குருவியை நின்னு பாக்கவே ஆரம்பிச்சேன், அதுவும் நாப்பது வயசுல. எங்க ஊர் நூலகத்துல கேட்டா அந்தக் கட்டுரைங்க இருக்குற புத்தகம் இல்லைங்குறாங்க. உரியவங்ககிட்ட அனுமதி வாங்கி, வாரம் ஒண்ணா அந்தக் கட்டுரைங்களை உங்க சிறுவர் பக்கத்துல போடுங்க.