முடிவுக் கட்டம் காலி: மீட்டிங் கூட்டுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர்கள், துறைத் தலைவர்கள், டீம் லீடர்கள் என்று மீட்டிங் கூட்டும் அதிகாரம் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் கூட்டும் மீட்டிங்குகளில் ஓரமாக உட்கார்ந்து மினிட்ஸ் எழுதும் ஆள் நான். அங்கே நான் பேச வேண்டிய அவசியம் அநேகமாக வராது. கேட்பதும் எழுதுவதும்தான் என் வேலை. மீட்டிங் முடிந்ததும் நீங்கள் எல்லாரும் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஒரு மணி நேரம் பேசியதில் எழுதும்படியாக என்ன மிஞ்சியது என்று தேடிக்கொண்டு நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

என் நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பேசியது, முடிவு, யார் எப்போதுக்குள். முதல் கட்டம் நிரம்பி வழியும், ஓரத்தில் எல்லாம் பொடி எழுத்தில் நுணுக்கியிருப்பேன். நடுக்கட்டம் பெரும்பாலும் காலி. நடுக்கட்டமே காலி என்றால் மூன்றாவதில் என்ன இருக்கும்?

சில வருடங்களுக்கு முன் வேலை பார்த்த இடத்தில் வாராவாரம் ஒரு ரெவ்யூ நடக்கும். 11 பேர். வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் அனுப்ப வேண்டியது விற்பனைப் பிரிவா, சர்வீஸ் பிரிவா என்று ஒரு கேள்வி. ஒரு நாள் வேறு எதையோ தேடிப் பழைய பக்கங்களைப் புரட்டியபோது கவனித்தேன், அதே கேள்வி ஒன்பது வாரம் வந்திருக்கிறது. ஒன்பது முறையும் நடுக்கட்டத்தில் என் கையெழுத்திலேயே, ‘மேலும் விவாதிக்கப்படும்’. வாரம் இருபது நிமிடம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 11 பேருக்கு மொத்தம் 33 மணி நேரம். ஓர் ஆளின் நான்கு நாள் உழைப்பு. ஒருவர் துணிந்து ‘சர்வீஸ்’ என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். தப்பாகவே சொல்லியிருந்தாலும் இரண்டாவது வாரம் திருத்தியிருக்கலாம். புகார் அனுப்பியவர்கள் அந்த ஒன்பது வாரமும் என்ன நினைத்திருப்பார்கள் என்பது எந்த மினிட்ஸிலும் இல்லை.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு யோசித்ததில், எனக்கு எதிரி ‘லாம்’தான் என்று தெரிந்தது. ‘பார்க்கலாம்’, ‘பண்ணிடலாம்’, ‘அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்’. இந்த லாமுக்கு எழுவாய் வேண்டாம். யார் பார்ப்பது, யார் கேட்பது என்று சொல்லாமலே வாக்கியம் நிறைவாக முடிந்துவிடும். எல்லாரும் தலையாட்டுவார்கள், வேலை யார் தலையிலும் விழவில்லையே! அதை நான் மினிட்ஸில் இன்னும் அழகுபடுத்தி ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதுவேன். இருந்த கொஞ்ச நஞ்ச ஆளும் அதில் காணாமல் போய்விடுவார். ‘நாம’ என்பது இதற்கு அண்ணன். ‘நாங்க பண்றோம்’ என்றாலாவது ஒரு பிரிவைக் கை காட்டலாம். ‘நாம பண்ணிடுவோம்’ என்றால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் அதில் அடக்கம், ஆனால் ஒருவரும் மாட்டவில்லை.

இப்போதெல்லாம் யாராவது ‘பண்ணிடலாம்’ என்றால் பேனாவை நிறுத்திவிட்டு, “யார் பேர் போடட்டும்?” என்று கேட்டுவிடுகிறேன். முதல் தடவை கேட்டபோது ஒருவர் லேப்டாப்புக்குள் குனிந்துகொண்டார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அப்புறம் கடைசி நாற்காலியில் இருந்தவர், “என் பேரைப் போட்டுக்கங்க, வியாழக்கிழமைக்குள்ள குடுத்துடறேன்” என்றார். வியாழக்கிழமை கொடுத்தும்விட்டார். ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் மினிட்ஸ் எழுதுபவர் இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அதையும் கடைசி நிமிடம் வரை வைத்திருக்காதீர்கள். நீங்கள் அனுப்பும் இன்வைட்டில் ‘ப்ராஜெக்ட் டிஸ்கஷன்’ என்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எதற்குத் தயாராக வருவது? கேள்வியாக எழுதுங்கள். ‘புது பில்லிங் சாஃப்ட்வேருக்கு இந்த மாதமே மாறுவதா, அடுத்த மாதம் வரை பொறுப்பதா?’ இப்படி ஒரு வரி இருந்தால் நான் நடுக்கட்டத்துக்கு மேலேயே அதை எழுதி வைத்துவிடுவேன், பதில் வந்ததும் மீட்டிங் முடிந்தது. கேள்வி எழுத வரவில்லை என்றால் ஒரு மெயிலே போதும் என்று அர்த்தம். ஆளுக்கு ஐந்து நிமிடம் வரிசையாக ஸ்டேட்டஸ் ஒப்பிப்பது அந்த வகைதான். தன் முறை முடிந்தவர் மியூட் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும்.

படித்துவிட்டு வரச்சொல்லி எதையாவது அனுப்பினால் யாரும் படிப்பதில்லை என்பது உங்கள் தரப்புக் குறை. நியாயம்தான். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004ஆம் ஆண்டு ஜூனில் தன் மூத்த குழுவின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை நிறுத்தினார். அவற்றுக்குப் பதிலாக முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு வந்தது, ஆறு பக்கம் வரை. மீட்டிங்கின் ஆரம்பத்தில் எல்லாரும் சத்தமில்லாமல் அதைப் படிப்பார்கள், அதற்குப் பிறகுதான் பேச்சு. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் படித்திருப்பார்கள் என்று நம்பி ஏமாறுவதைவிட, அங்கேயே படிக்க வைப்பது புத்திசாலித்தனம். ஆறு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே பாதிக் குழப்பம் உங்களுக்கே தீர்ந்துவிடும்.

எத்தனை பேரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது அடுத்த விஷயம். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பெருமையாகச் சொல்வோம். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு விசையை அளந்து 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூடத் தலைக்கு இழுக்கும் விசை குறைந்துகொண்டே போய், எட்டுப் பேர் சேர்ந்தபோது தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. ஒரே நேரத்தில் எல்லாரும் சேர்ந்து இழுக்க முடியாததும் ஒரு காரணம், பக்கத்து ஆள் இழுத்துக்கொள்வான் என்ற நினைப்பும் ஒரு காரணம். பதினைந்து பேர் இருக்கும் மீட்டிங்கில் இரண்டையும் பார்க்கலாம். ‘கூப்பிடாவிட்டால் வருத்தப்படுவார்’ என்று சேர்த்த பெயர்களை எடுத்துவிடுங்கள். மினிட்ஸை நான் அவருக்கும் அனுப்புகிறேன். முடிவு ஒழுங்காக எழுதியிருந்தால் அவர் வருத்தப்பட மாட்டார், உள்ளூர நிம்மதிதான் படுவார்.

அஜெண்டாவில் எது முதலில் என்பதற்கும் யோசனை வேண்டும். பிரிட்டனின் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1957இல் ஒரு கற்பனைக் குழுவை வைத்துக் கிண்டலாக எழுதினார். அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல், சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேர விவாதம். உலையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் புரியாது, கொட்டகையைப் பற்றி எல்லாருக்கும் கருத்து உண்டு. என் நோட்டில் அறிக்கையின் அட்டை நிறத்துக்கு ஒன்றரைப் பக்கம் போயிருக்கிறது. கனமானதை முதலில் வையுங்கள், அட்டை நிறத்தை ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். கடைசியில் நீங்கள் கேட்பீர்கள், “எல்லாருக்கும் ஓகே தானே?” யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மௌனம் சம்மதம் என்று நான் ‘ஏகமனதாக’ என்று எழுதிக்கொள்வேன்.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலம் ஏவப்படுவதற்கு முன் தொலைபேசி வழியாக ஒரு கூட்டம் நடந்தது. பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி சரியாக அடைக்காது, சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு இதை ஏற்கவில்லை. நிறுவனத்தார் ஐந்து நிமிடம் தனியே பேசிவிட்டு வருகிறோம் என்று இணைப்பிலிருந்து விலகினார்கள். அரை மணி நேரம் ஆனது. ரோஜர் போய்ஷோலி உட்படப் பொறியாளர்கள் அங்கேயும் வாதாடி, இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பொறியியல் துறைத் தலைவரிடம் அவருக்கு மேலே இருந்தவர், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். திரும்ப இணைந்தபோது ‘ஏவலாம்’ என்றார்கள். வேறு கருத்து உள்ளவர் யாராவது உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலை, ஏவிய 73 விநாடிகளில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

உங்கள் மீட்டிங்கில் உயிர் போகாது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அதே கேள்விதான். விஷயம் தெரிந்தவர் பேசிப் பார்த்துவிட்டு அடங்கிய பிறகு பொதுவாகக் கேட்டால் யார் பதில் சொல்வார்? “இது சொதப்பினால் எங்கே சொதப்பும்?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வயதிலோ பதவியிலோ சின்னவரிடம் முதலில் கேளுங்கள், உங்கள் கருத்தைக் கடைசிக்கு வையுங்கள். நீங்கள் சொன்ன பிறகு வருவது கருத்தாக இருக்காது, ஆமாம் சாமியாகத்தான் இருக்கும். பாதிப் பேர் அறையிலும் மீதிப் பேர் ஆன்லைனிலும் இருந்தால் திரையில் இருப்பவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். அவர்கள் மியூட்டை எடுப்பதற்குள் அறைக்குள் இருப்பவர்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள்.

நேரத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தாமதமாக வருபவருக்காக முதலிலிருந்து மறுபடி சொல்லாதீர்கள், நேரத்துக்கு வந்தவருக்கு அது தண்டனை. பேச்சு நாற்பது நிமிடத்தில் முடிந்தால் நாற்பதிலேயே எழுந்துவிடலாம், ஒரு மணி நேரம் போட்டோமே என்று இழுக்க வேண்டாம்.

நாளை பதினொரு மணிக்கு உங்களிடமிருந்து ஓர் இன்வைட் வந்திருக்கிறது. பதினான்கு பேர், தலைப்பு ‘கேட்ச் அப்’. கோடு போட்டு வைத்துவிட்டேன். நடுக்கட்டத்துக்கு மேலே எழுத ஒரு கேள்வி மட்டும் இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால் நல்லது. கேள்வி இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், பதினான்கு பேருக்கும் ரத்து என்று நானே தகவல் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மினிட்ஸ் எழுதுபவர்