விசாலத்துக்கு அண்ணன் எழுதுவது

சியாங் மாய், தாய்லாந்து,
மார்கழி 20

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் இங்கே வந்து தங்க விசா எடுக்கிற விவரம் கேட்டு, மாப்பிள்ளையின் எக்ஸ்ரேயை நினைத்துப் பயந்தும் எழுதியிருந்தாய். விவரம் நன்றாக விசாரித்துக்கொண்டு பதில் போடலாம் என்று இருந்தேன். இத்தனை மாதம் நான் ஏன் எழுதவில்லை என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இங்கே நல்ல குளிர். விடியற்காலையில் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீ பின்னிக் கொடுத்த குல்லாவைப் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்துவிட்டு வருகிறேன். கீழ்வீட்டு நொய் அம்மாள் சௌக்கியம். வாசலில் தூண்மேல் இருக்கும் குட்டிக் கோயிலுக்குக் காலையில் சிவப்பு ஃபாண்டா பாட்டிலைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு வைப்பார். நம் முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கிற மாதிரிதான். சாமிக்குப் படைத்துவிட்டு, மூங்கில் கூடையில் எனக்கும் ஒட்டரிசிச் சோறு கொண்டுவந்து தருவார். கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். ருசி பழகிவிட்டது. செந்தில் கனடாவுக்குப் போனபிறகு எனக்குப் பேச்சுத்துணை இல்லையே என்று நீ நினைக்க வேண்டாம்.

சரி, ஓய்வுக்கால விசா விஷயம். வயது 50 தாண்டியிருக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் அது ஆயிற்று. பணத்துக்கு 8 லட்சம் பாட் (இந்த ஊர்ப் பணம்) வங்கி இருப்போ, மாதம் 65,000 பாட் வருமானமோ காட்ட வேண்டும். மருத்துவச் சான்றிதழில் தொழுநோய், காசநோய், யானைக்கால், போதைப் பழக்கம், மூன்றாம் கட்டச் சிபிலிஸ் இந்த ஐந்தும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில் வராது. அவை காப்பீட்டுக்காரர்கள் கேட்கிற கேள்வி. 30 லட்சம் பாட்டுக்குக் குறையாத காப்பீடு வேண்டும். அதற்கு மாப்பிள்ளை தன் சர்க்கரையை மறைக்காமல் எழுதட்டும். மறைத்தால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் வம்பு வரும்.

சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அதனால் முதலில் வங்கிக் காகிதத்தையும் காப்பீட்டையும் முடியுங்கள். பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் போலீஸ் சான்று. டாக்டரிடம் கடைசியாகப் போங்கள். பெயரை நன்றாகப் பார். நம் ஊர் டாக்டர்கள் இனிஷியல் போட்டு எழுதிவிடுவார்கள், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் எழுதச் சொல். டாக்டரின் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்போது எக்ஸ்ரே. மாப்பிள்ளை காசநோய்க்கு ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். நெஞ்சில் தெரிவது பழைய வடு. வடு வேறு, நோய் வேறு. சிகிச்சை முடிந்தபோது கொடுத்த அட்டை அப்பாவின் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், தேடு. பழைய எக்ஸ்ரே படமும் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வடு மாறவில்லை என்று டாக்டருக்கே தெரிந்துவிடும். சளிப் பரிசோதனையும் செய்து, நெஞ்சு நோய் மருத்துவரிடம் 'இப்போது நோய் இல்லை' என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பயப்படாதே அம்மா.

ஒன்று சொல்ல வேண்டும். டிரைவிங் லைசென்சுக்காக இங்கே ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கினேன். அதில் இருப்பதை நொய் அம்மாள் எனக்குப் படித்துச் சொன்னார். யானைக்கால் என்ற இடத்தில் 'சமூகம் அருவருக்கும் நிலையில்' என்று இருக்கிறதாம். எனக்கு நம் அப்பாயிதான் ஞாபகத்துக்கு வந்தாள். அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்துதானே நம் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாள்? அவள் கையால் சாப்பிடாதவர் நம் தெருவில் யார்? கும்பகோணத்துக் கால் என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது அவள் புடவையை இழுத்து மூடிக்கொள்வாள். யானைக்காலுக்குக் காரணமான புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடும் என்று சுகாதாரத் துறை ஆட்கள் நாம் தூங்குகிற நேரத்தில் வந்து விரலில் குத்துவார்களே, நீ அவள் மடியில் ஒளிந்துகொள்வாயே! தாய்லாந்தில் இந்த நோயைக் கட்டுப்படுத்தியாயிற்று என்று 2017-லேயே உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. நம் ஊரிலும் அது அடியோடு போக வேண்டும். மாத்திரை கொடுக்க வந்தால் திருப்பி அனுப்பாதே, வாங்கி அவர்கள் எதிரிலேயே விழுங்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திண்ணையும், அவள் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிற சத்தமும்தான். ஊருக்கு வந்து இரண்டு நாள் அந்தத் திண்ணையில் படுத்திருக்க வேண்டும், விசாலம்.

போகட்டும். கூட்டுப் பட்டா விஷயமாகத் தம்பி கேட்ட பவர் பத்திரத்தை எழுதி அனுப்பச் சொல். சியாங் மாயிலேயே இந்தியத் தூதரக அலுவலகம் இருக்கிறது, என் கையெழுத்தை அங்கே அத்தாட்சி செய்து அனுப்பிவிடுகிறேன். கொல்லைச் சுவரை மழை வருவதற்குள் கட்டிவிடுங்கள், பாதிச் செலவு என்னுடையது. குறுவைக் குத்தகையில் என் பங்கை தை பிறப்பதற்கு முன் அனுப்ப முடிந்தால் சௌகரியம். தையில் காப்பீடு புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, வயது ஏற ஏற அதுவும் ஏறுகிறது. முடியாவிட்டால் பரவாயில்லை, சமாளித்துக்கொள்வேன்.

அப்பா திதிக்கு யார் உட்காருகிறார்கள் என்று எழுது. காவேரிக்கு மாப்பிள்ளை பார்த்தது என்ன ஆயிற்று? அந்த மன்னார்குடி இடம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பெண்ணிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்