ஆயிரம் மணி நேரம், எந்தத் தடிமன் தகட்டில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்பகுளியில் (மின்கலத்துக்குள் அயனிகளைக் கடத்தும் கரைசலில்) சிறிதளவு சேர்பொருள் கலந்ததும் துத்தநாக மின்கலத்தின் ஆயுள் பல ஆயிரம் மணி நேரமாகக் கூடியது என்று செய்திகள் வருகின்றன. அந்த எண்ணோடு துத்தநாகத் தகட்டின் தடிமனையும் அச்சிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர்-மணி ஏற்றினால் படிவது சுமார் 1.7 மைக்ரோமீட்டர் துத்தநாகம். 100 மைக்ரோமீட்டர் தகட்டில் இது 1.7 விழுக்காடுதான், மற்றதெல்லாம் கையிருப்பு. அரிப்பில் போவதை அது ஓசையில்லாமல் ஈடுகட்டிவிடும். 10 மைக்ரோமீட்டர் தகட்டில் அதே சோதனை 17 விழுக்காட்டைக் கேட்கும். சேர்பொருளின் யோக்கியதை அங்கேதான் தெரியும்.

சேர்பொருள் ஏன் தேவை? மின்பகுளியான துத்தநாக சல்பேட் கரைசலில் ஒவ்வொரு துத்தநாக அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். மின்னேற்றும்போது நீர் சிதைந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது; தகட்டருகே காரத்தன்மை கூடி, கார துத்தநாக சல்பேட் செதில் செதிலாகப் படிகிறது. மேற்பரப்பு சீரற்றுப்போக, துத்தநாக முட்கள் முளைத்து, இரு முனைகளும் தொடாமல் தடுக்கும் பிரிப்பானைத் துளைக்கின்றன.

நன்கு ஆராயப்பட்ட சேர்பொருள்களில் ஒன்று குளுக்கோஸ். 100 மி.லி. கரைசலுக்கு ஏழு நீர் மூலக்கூறு கொண்ட துத்தநாக சல்பேட் 57.5 கிராம், குளுக்கோஸ் 0.18 கிராம். அளவுக் குடுவையில் முதலில் பாதியளவு நீரில் கரைத்து, பிறகு 100 மி.லி. கோடு வரை நிரப்ப வேண்டும், 100 மி.லி. நீரை அப்படியே ஊற்றினால் செறிவு குறைந்துவிடும். இது 2 மோலார் உப்புக்கு 10 மில்லிமோலார் குளுக்கோஸ்: 200 துத்தநாக அயனிக்கு ஒரே மூலக்கூறு. இவ்வளவு குறைந்த அளவு அயனிகளின் நீருறையை மொத்தமாக மாற்றிவிடும் என்பதை நம்புவது கடினம்; தகட்டின் மேல் ஒட்டிக்கொண்டு படிதலைச் சீராக்குவதே முக்கிய வேலை என்று கருதுகிறோம். அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. கரைசல் பிசுபிசுத்துக் கடத்துதிறன் குறையும், வேகமாக மின்னேற்ற முடியாது.

இரு பக்கமும் துத்தநாகம் வைத்துச் செய்யும் சோதனையில் ஒரு பொறி உண்டு. மெல்லிய முள் ஒன்று குறுக்கே பாலம் போட்டுவிட்டால் மின்னழுத்தம் திடீரெனச் சரிந்து, சதுர வடிவில் அமைதியாக ஓடும். கலம் செத்திருக்கும், வரைபடமோ 'நீண்ட ஆயுள்' காட்டும். ஆகவே தாமிரத்தகட்டில் படியவைத்த துத்தநாகத்தில் எத்தனை விழுக்காட்டைத் திரும்ப எடுக்க முடிகிறது என்ற திறனையும் கேளுங்கள். கையிருப்பே இல்லாத கலத்தில் 99 விழுக்காடு திறன் என்றால் 100 சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 37 விழுக்காடு, 99.9 என்றால் 90.

முழுதாக மின்னேற்றிய கலத்தை 24 மணி நேரம் சும்மா வைத்து, பிறகு எவ்வளவு மின்சாரம் திரும்ப வந்தது என்று பார்க்கும் சோதனையைப் பலர் செய்வதில்லை. தகடு தானாக அரிவது அதில்தான் பிடிபடும்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆசிரியர்கள்,
காரைக்குடி