சூரியன் இறங்கிய பிறகு

அன்புள்ள கண்ணு,

நீ மலைமேலிருந்து எடுத்து அனுப்பிய சூரிய அஸ்தமனப் படத்தை அப்பாவும் நானும் டிவியில் போட்டுப் பார்த்தோம். சூரியன் அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் மூச்சு வாங்க ஏறினாயே, அந்த மலை எங்கே? கீழே முழுக்க ஒரே கறுப்பு.

சூரியனுக்கு எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்ச அளவு, வைத்தால் தரை கறுத்துத்தான் போகும். தரைக்கு வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் நான் சூரியன் மறையும்வரை அவசரப்படுவதே இல்லை. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைக்குச் சாயங்காலம் வருகிறவர்கள், சூரியன் உள்ளே போனதும் வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். வட்டத்தின் அடி தொடுவானத்தைத் தொட்டு முழுசாக மறைய இங்கே இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். அதற்குப் பிறகு வருகிற இருபது நிமிஷம்தான் எனக்கு வேண்டும். வான வெளிச்சமும் தரை வெளிச்சமும் அப்போதுதான் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். கஞ்சமலை தனியாகத் தெரியும், சேலத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும், மலைப்பாதை வளைவுகளில் வண்டி வெளிச்சம் ஏறி இறங்கும். உன் ஸ்காட்லாந்தில் சூரியன் சரிந்து இறங்குவதால் அந்தி இன்னும் நீளும். அது உனக்குக் கிடைத்த வரம், விட்டுவிடாதே.

ட்ரைபாட் வை. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்வு, 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் எத்தனை விநாடி திறந்திருக்கக் கேட்டாலும் கொடு. ரா ஃபைலாக, கேமரா திருத்தாத மூலப் பதிவாக, எடு. நிறத்தைச் சமன்படுத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அந்தி வானத்துச் சிவப்பையே குறை என்று எடுத்துக்கொண்டு திருத்திவிடும், டேலைட்டில் வை. காற்று அடித்தால் பையை ட்ரைபாட் நடுவில் தொங்கவிடு.

சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள். இங்கே மேட்டூர் ஏறக்குறைய நேர் மேற்கே. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் அந்தத் திசையில் இறங்கும். தெளிவான நாளாக இருந்து அணையில் தண்ணீரும் இருந்தால், பட்டறையில் இழுத்த வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு மின்னும். டிசம்பரில் சூரியன் தெற்கே தள்ளி, கஞ்சமலைப் பக்கம் சாய்ந்துவிடும். ஏப்ரல் புழுதியில் தூரத்து மலைகள் கலங்கிவிடும். ஐப்பசி மழை கழுவிவிட்ட மறுநாளே நல்ல நாள்.

இன்னொன்று, கண்ணு. எல்லாரும் மேற்கைப் பார்க்கும்போது நீ திரும்பி நில். இங்கே ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 5,326 அடி, மேலே பரந்த புல்வெளி. சூரியன் மறைந்ததும் அங்கே கிழக்கு அடிவானத்தில் சாம்பல் நீலத்தில் ஒரு பட்டை எழும்பும், அதன் மேல் இளஞ்சிவப்பு. அந்த நீலம் பூமியின் நிழல், காற்றின் மேல் விழுகிறது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். உன் மலையிலும் அது எழும்பும்.

அதுவரை மேலேயே நின்றால் இருட்டில்தான் இறங்க வேண்டிவரும். தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, கம்பளிக் கையுறை எல்லாம் எடுத்துக்கொள். வழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும், தனியாகப் போகாதே. கீழே வந்து சேர்ந்ததும் எந்நேரமானாலும் ஒரு போன் போடு.

அம்மா