முதலில் அந்த ஸ்டெப் டவுன் பெட்டியைக் கழற்று

ரங்கூன்,
ஆடி மாதம்

அன்பு மகளுக்கு,

உன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கம்மலாக வருகிறது என்று நீ அனுப்பிய வீடியோவை நாலைந்து தடவை போட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டேன். அதில் இருக்கும் கண்ணாடிக் குழாய்கள், அந்த ஒன்பது வால்வையும் மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள், எந்தக் கம்பெனி வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு ஒன்றும் வாங்காதே. முதலில் அந்த ஸ்டெப் டவுன் பெட்டியைக் கழற்று.

ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் 117 வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான், வோல்ட்டைப் பாதியாகக் குறைக்கிற அந்த ஸ்டெப் டவுனை வாங்கியிருப்பாய். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் உன்னிடம் இருப்பது உன் அப்பா கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர். அது 230 வோல்ட்டுக்கு. இங்கே ரங்கூனிலும் அதுதான், உன் சிங்கப்பூரிலும் அதுதான். ஆம்ப்ளிஃபயரைக் கப்பலில் ஏற்றும்போதே இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறந்துபோனேன், மன்னித்துக்கொள்.

உன் வீடியோவில் முன்பக்கத்துச் சிவப்புக் கல் விளக்கைப் பார். அணையப்போகிற அகல் மாதிரி இருக்கிறது. வால்வுகளுக்குள்ளே இருந்து அவற்றைச் சூடேற்றும் இழையான பிலமெண்டுக்கும் அந்த விளக்குக்கும் ஒரே இடத்திலிருந்துதான் கரண்ட் போகிறது. 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 3 வோல்ட் போகிறது. சூடேறாத வால்வு எப்படிப் பாடும்? சத்தம் கம்மலாக, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வருவது அதனால்தான். வால்வுகள் பட்டினி கிடக்கின்றன, சாகவில்லை.

அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி நம் வீட்டுக்கு வந்த கதையை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், கறுப்பு முகப்பு வைத்தது, அறுபதுகளில் அமெரிக்காவில் செய்தது. யாரோ கப்பலில் வேலை பார்த்தவர் கொண்டுவந்து, கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிற ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. ஒரு வீட்டில் அதை நேராக 230 வோல்ட்டில் செருகிவிட்டார்கள். ஃபியூஸ் போயிருந்தால் பெட்டி தப்பியிருக்கும். முன்பு பழுது பார்த்த ஒரு கடையில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் வெந்துபோனது. அப்பா அதைத் திறந்து பார்த்தபோது வந்த நாற்றம் இரண்டு நாள் நம் ரேடியோ பழுதுக் கடையை விட்டுப் போகவில்லை. இது நடந்தது 1987. அந்த செப்டம்பரில்தான் பர்மா அரசாங்கம் 25, 35, 75 சாட் (கியாட்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அந்த மனிதர் சேர்த்து வைத்த காசெல்லாம் வெறும் காகிதமாகிவிட்டது. பழுதுக் கூலி கொடுக்க வழியில்லை என்று பெட்டியையே அப்பாவிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பா அதை ஆறு மாதம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் பிரித்தார். அமெரிக்காவில் கரண்ட் வினாடிக்கு 60 சைக்கிள், நமக்கு 50. சைக்கிள் குறைந்தால் அதே இரும்புக்குச் சுற்றுகள் கூட வேண்டும், இல்லாவிட்டால் சூடாகும். கூடுதல் கம்பிக்கு உள்ளே இடம் போதவில்லை. பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் பெரிய தகடுகளை எடுத்துப் புது டிரான்ஸ்பார்மராகவே கட்டினார். அவர் கையால் சுற்றுவார், நான் எதிரே உட்கார்ந்து எண்ணுவேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. கிண்ணத்திலிருந்து எடுத்துத் தட்டில் போட வேண்டும். நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்று கடைக் கதவைப் பாதி சாத்திக்கொள்வோம். ஒவ்வொரு அடுக்குக்கும் காகிதம் வைத்து, வார்னிஷ் தடவி, வெயிலில் காயவைத்தோம். உன் பெட்டி மற்ற டீலக்ஸ்களைவிடக் கனமாக இருப்பதற்கு அதுதான் காரணம். டிரான்ஸ்பார்மரில் கம்பெனி முத்திரை எதுவும் இருக்காது. ஓரத்தில் பென்சிலால் 230 என்று எழுதியிருப்பார். இப்போது அழிந்தும் போயிருக்கலாம்.

இருந்தாலும் என் பேச்சை மட்டும் நம்பி நேராகச் செருகிவிடாதே. மீட்டர் வைத்துப் பார்த்துவிடு. பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடு. பின்பக்கமிருந்து பார்த்தால் இடது ஓரத்தில் இருக்கும், ஏசியை டிசி ஆக்குகிற ரெக்டிஃபையர் வால்வைக் கழற்று, ஜிஇசட்34 என்று போட்டிருக்கும். அடுத்து இருக்கிற, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு 6வி6 வால்வுகளையும் கழற்று. எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று குறித்துவை. ரெக்டிஃபையர் இல்லாவிட்டால் பெரிய வோல்ட் 6வி6 பக்கம் வராது. ஆனால் அந்த ரெக்டிஃபையர் சாக்கெட்டிலேயே உயிர் இருக்கும், மீட்டர் முனையை அதற்குள் விடவே கூடாது. இப்போது ஸ்டெப் டவுன் வழியாகவே போட்டு, 6வி6 சாக்கெட்டில் 2-ஆம் துளைக்கும் 7-ஆம் துளைக்கும் நடுவே ஏசி வோல்ட் பார். 3-ஐ ஒட்டிக் காட்டினால் நான் சொன்னது சரி. 6-ஐ ஒட்டிக் காட்டினால் அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு ஃபோன் பண்ணு.

சரி என்று தெரிந்தபின் பிளக்கைப் பிடுங்கி, வால்வுகளை அதனதன் இடத்தில் திரும்பப் போட்டு, ஸ்டெப் டவுனை விலக்கிவிட்டு ஒரு சீரிஸ் பல்பு கட்டிக்கொள், அதாவது பெட்டிக்குக் கரண்ட் வரும் வழியில் தொடராக ஒரு பல்பு. 60 அல்லது 100 வாட், இழை உள்ள பழைய பல்பு. எல்இடி இதற்கு உதவாது. முதல் தடவை பல்பு வழியாகப் போடு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து நிற்கும், பெட்டி தப்பிக்கும். ஒருமுறை மின்னிவிட்டு மங்கினால் பயமில்லை. ஃபியூஸ் 1 ஆம்பியர், மெதுவாகப் போகிற வகை. ஸ்பீக்கர் ஒயர் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். அது இன்னும் கம்பெனி போட்டதுதான், அதைச் சுற்றித் தர இன்று நமக்கு ஆள் இல்லை.

பல்பை எடுத்துவிட்டு முழு வோல்ட் வந்த பிறகுதான் காதுக்கு வேலை. கிட்டாரைச் செருகாதே. வால்யூம் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வை. ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோ. ஊம் என்று ஒரு சத்தம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதிகமாக இருந்தால் அது எந்தச் சுருதி என்று பார். தடித்த ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டை மீட்டிப் பார், அது 98 சைக்கிள். ஊம் சத்தம் அதை ஒட்டி, ஒரு முடி மேலே நின்றால் அது 100. பெரும்பாலும் கண்டென்சர், அதாவது கரண்ட்டைச் சேர்த்து வைத்துச் சீராக்குகிற பாகம், காய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம், வால்வை மாற்றிப் பிரயோஜனம் இருக்காது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் உணர்கிற மாதிரி இருந்தால் 50. அது பெரும்பாலும் பிலமெண்ட் பக்கத்துக் கோளாறு அல்லது எர்த் கோளாறு. அப்பாவுக்குக் கை, எனக்குக் காது என்று பிரித்துக்கொண்டு வேலை செய்தோம். கடைக்கு வருகிற ரேடியோவைத் திறப்பதற்கு முன்பே 50-ஆ 100-ஆ என்று என்னைத்தான் கேட்பார். உனக்கு என்னைவிட நல்ல காது இருக்கிறது, உன்னால் முடியும்.

கண்டென்சர் என்று தெரிந்தால் நீயே உள்ளே கை வைக்காதே. அணைத்த பிறகும் அதில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அப்பாவின் வலது கட்டைவிரலில் இருந்த அந்த வெள்ளைத் தழும்பு அதனால் வந்தது. அதற்குப் பிறகு, திறந்த பெட்டியில் வேலை செய்யும்போதெல்லாம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். உன் ஊர் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக் கடைகள் பக்கம் விசாரித்து, வால்வு வேலை தெரிந்தவராகப் பார்த்துக் கொடு. பாகங்கள் பொருத்தியிருக்கும் கறுப்பு அட்டைப் பலகையில் ஈரம் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். நம் ஊர் மழையில் அத்தனை வருஷம் கிடந்தது, அந்த அட்டை ஈரம் குடிக்கும், குடித்தால் படபடவென்று சத்தம் போடும். அதையும் வால்வு மேல் பழி போடுவார்கள்.

இனி வால்வு. பின்பக்கமிருந்து வலது ஓரம் முதல் எண்ணு. முதலாவது நார்மல் சேனலுக்கு, இரண்டாவது வைப்ராட்டோ சேனலுக்கு. ஒரு சேனலில் மட்டும் கோளாறு என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் பார். இரண்டிலும் இருந்தால் ஆறாவது வால்விலிருந்து இடது பக்கம். ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டு. முதல் இரண்டும் லேசாக டிங் என்று சொல்லும், அது இயல்பு. கணகணவென்று மணி அடித்தாலோ ஊளையிட்டாலோ அந்த வால்வை முன்னால் வைக்கக் கூடாது. தூக்கிப் போடவும் வேண்டாம். ஐந்தாவது இடத்தில், சத்தத்தை ஏற்றி இறக்கி அலையாட்டுகிற டிரெமலோவுக்கு வை. அங்கே அது இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.

மூன்றாவதும் ஆறாவதும் 12ஏடி7. மற்ற சிறியவை எல்லாம் 12ஏஎக்ஸ்7, நம் பெட்டியில் சிலதில் ஈசிசி83 என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், எழுத்தைப் படித்து மாற்று. ஆனால் பழைய வால்வின் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதே, விரல் பட்டாலே உதிர்கிற மை அது. உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளப்பாக இருந்தால் கண்ணாடி நல்லது. பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று உள்ளே போய்விட்டது, அது முடிந்தது.

6வி6 இரண்டையும் இருட்டில் பார். கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிந்தால் பரவாயில்லை. நடுவில் இருக்கிற சாம்பல் நிற பிளேட் சிவந்தால் உடனே அணை. புதிது வாங்க வேண்டி வந்தால் அது இந்த இரண்டுக்குத்தான் வரும். ஜோடியாக அளந்து கொடுப்பதாக வாங்கு. பழைய கையேட்டில் 6வி6ஜிடி வால்வின் பிளேட்டுக்கு 315 வோல்ட்தான் போட்டிருக்கிறது. இந்தப் பெட்டி அதற்கு 400-க்கு மேல் கொடுக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனி ஆர்.சி.ஏ. வால்வு தாங்கியது. இப்போது வருவதில் ஸ்லோவாக்கியாவில் செய்கிற ஜேஜே இதைத் தாங்கும் என்பது என் நம்பிக்கை. 6எல்6 இன்னும் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அது சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பிலமெண்டுக்கு இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்பா சுற்றியது அதற்கு அல்ல. 6வி6 மாற்றினால் பயாஸ், அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வு இழுக்கிற கரண்ட்டின் அளவு, வைக்க வேண்டும். ஒவ்வொரு வால்விலும் 20 மில்லி ஆம்பியரை ஒட்டி வைக்கச் சொல். 415 வோல்ட் என்றால் எட்டு வாட்டுக்கு மேல் வரும், 12 வாட் வால்வுக்கு அது சுகமான வேலை.

மல்லார்ட் என்று பெயர் போட்டு இன்று ரஷ்யாவில் செய்து விற்கிறார்கள். அது வேறு, இங்கிலாந்தில் பிளாக்பர்னில் செய்த பழையது வேறு. உன் பெட்டியில் இருக்கும் ஜிஇசட்34 பழையது. மாற்றித் தருகிறேன், புதிது போடுகிறேன் என்று எவர் கேட்டாலும் கொடுக்காதே.

அப்பா வால்வு போட்டு வைத்த டின்னை இன்று கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தேன். பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) செய்த ஈசிசி83 நாலு இருக்கிறது, கல்கத்தாவிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் டெஸ்டரில் என்ன காட்டியது என்று என் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆர்.சி.ஏ. 6வி6 ஒரு ஜோடி, சிவப்பு நூலால் சேர்த்துக் கட்டியது, பிரிக்காதே. பழைய பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். காளியம்மன் கோவில் பக்கத்து வீட்டு அக்கா மகன் அடுத்த வாரம் அங்கே வருகிறான், கைப்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

ஸ்டெப் டவுனைக் கழற்றிவிட்டு, முதலில் கிட்டார் இல்லாமல் ஒரு நிமிஷம், அப்புறம் ஈ கம்பியைத் திறந்தபடி ஒரு தடவை மீட்டி, பதிவு செய்து அனுப்பு. இங்கே ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் கரண்ட் வருகிறது. அதற்குப் பிறகு அனுப்பினால் உடனே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா