க்ராஷ் கார்ட் மேல் ஒரு தாள் இருக்கட்டும்

மருத்துவமனை நிர்வாகத்துக்கும் கணினிப் பிரிவுக்கும் வணக்கம்.

வேலூரில் அவசரப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கும் செவிலியர் எழுதுகிறேன். எந்த மருத்துவமனை என்பது உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கோட் ப்ளூ (இதயம் நின்றவரைக் காப்பாற்ற விடுக்கும் அவசர அழைப்பு) உட்பட எதற்கும் தாள் கிடையாது, எல்லாம் கணினியில்தான் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. கணினியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காட்பாடியில் ரயில் இறங்கி வரும் வங்காளக் குடும்பம் பாலிதீன் பையில் கொண்டுவரும் காகிதக் கத்தையை ராத்திரியில் புரட்டியவள் நான். இன்று பழைய எண்ணைத் தட்டினால் அலர்ஜி, மாத்திரை எல்லாம் திரையில் வந்துவிடுகிறது. பெரிய நிம்மதி.

ஆனால் இதயம் நின்றுபோனவர் பக்கத்தில் கதை வேறு. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சை அழுத்துகிறோம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை மானிட்டரைப் பார்த்து ஆள் மாறுகிறோம். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு அட்ரினலின் ஊசி, 1 மில்லிகிராம். "கடைசி அட்ரினலின் எப்போ சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்கும்போது பதில் கண்முன் இருக்க வேண்டும்.

சோதனை ஓட்டத்தின்போது ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். தலைமாட்டில் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் பிடிப்பவர், பக்கத்தில் அவசர மருந்தும் கருவியும் வைத்த தள்ளுவண்டி, அதாவது க்ராஷ் கார்ட். கணினி வண்டிக்கு இடமில்லாமல் கதவோரம் நின்றேன். பாஸ்வேர்டு கேட்டது. மருந்து, அளவு, வழி, காரணம் என்று நாலு கட்டம். நிரப்புவதற்குள் ஷாக் கொடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் க்ளவுஸ் பெட்டி மூடியைக் கிழித்து அதில் எழுதினேன்: 3.11, 3.15, 3.19. அப்புறம் உட்கார்ந்து ஏற்றினால், நான் தட்டிய நேரத்தையே மருந்து கொடுத்த நேரமாக அது எடுத்துக்கொண்டது. மாற்ற இன்னும் இரண்டு திரை தள்ளிப் போக வேண்டுமாம், எனக்குத் தெரியாது. பதிவின்படி மூன்று அட்ரினலினும் 3.42-க்குப் போயிருக்கின்றன. மூடி குப்பைக்குப் போய்விட்டது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், அது வேறு.

மருத்துவமனைக்குள் இதயம் நின்றால் எந்தெந்த நேரங்களைக் குறிக்க வேண்டும் என்று உட்ஸ்டைன் என்ற சர்வதேசப் பதிவு முறை 1997-லேயே சொல்லிவிட்டது. விழுந்த நேரம், அழுத்தத் தொடங்கிய நேரம், முதல் ஷாக் என்று எல்லாமே நேரக் கணக்குதான்.

தாளிலும் குறை உண்டு. ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், இன்னொருவர் கைக்கடிகாரத்தை. ஷாக் மெஷின் தன் பாட்டுக்கு நாலு நிமிடம் முந்தி அச்சடிக்கும். காலையில் க்ராஷ் கார்ட் சரிபார்க்கும்போதே எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக்கினால் இது தீரும்.

சரி, கேட்பது இதுதான். க்ராஷ் கார்ட் மேல் பேனாவோடு ஒரு பக்கத் தாள். எழுதுவதற்கென்றே ஒருவர், அவரை ரத்தம் எடுத்துவர அனுப்பக்கூடாது. முடிந்ததும் நடந்த நேரப்படி அவரே கணினியில் ஏற்றட்டும், தாளையும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் சேர்த்துவிடலாம்.

அடுத்த ஒத்திகைக்குக் கணினிப் பிரிவிலிருந்து ஒருவரை அனுப்புங்கள். க்ளவுஸ் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று அந்த நாலு கட்டத்தை நிரப்பட்டும். பொம்மையைத்தான் அழுத்துவோம், பயப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
இரவுப் பணிச் செவிலியர் ஒருவர்
வேலூர்