ஞாயிறு கடலோர நடை

அனைவருக்கும் வணக்கம். இந்த ஞாயிறு அமாவாசை. கடல் வழக்கத்தைவிட அதிகமாக உள்வாங்கும் என்பதால், பாறைக் குழிகளைப் பார்க்க இதைவிட நல்ல நாள் அமையாது. அதிகாலையிலேயே கிளம்பினால்தான் நீர் வற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

ஈரச் சேற்றில் உள்ளான்கள் அலகை நுழைத்து நுழைத்துப் புழு தேடுவதைத் தூரத்தில் நின்றே பார்ப்போம், துரத்த வேண்டாம். கல்லைப் புரட்டினால் பழையபடி வைத்துவிடுங்கள். அதன் அடியில்தான் குட்டி நண்டுகள் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கும். காலிச் சங்குகளை எடுக்காதீர்கள், துறவி நண்டுகளுக்கு அதுதான் வீடு.

அப்புறம் மேட்டுப் பாதையில் சின்ன ஏற்றம். பிடிப்புள்ள செருப்பு, தொப்பி, தண்ணீர் அவசியம். பைனாகுலர் இருப்பவர்கள் கட்டாயம் கொண்டு வாருங்கள். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.